சாய்ந்து நின்ற கேரவன்

“அம்மா, சாமி சொல்ற நாளைக்கும் மெக்கானிக் மாமா சொல்ற நாளைக்கும் ஒண்ணா?”

சிட்டு இப்படிக் கேட்டது, கேரவன் அந்தப் பட்டறைக்குள் வந்து நின்ற ஒன்பதாம் நாள். கை கூப்பிக் கண்ணை மூடி, ‘சாமி, நாளைக்கு எங்க வீடு ஓடணும்’ என்று வேண்டிக்கொண்ட கையோடு, ஒரு கண்ணை மட்டும் திறந்து கேட்டாள். வேறொரு நாளாக இருந்திருந்தால், ஆறு வயதுப் பிள்ளைக்குச் சொல்ல அம்மாவிடம் நல்ல பதில் ஏதாவது இருந்திருக்கும். அன்றைக்கு இருந்தது, “பேசாமப் படு” மட்டும்தான்.

பிள்ளை கேட்டதிலும் தப்பில்லை. எட்டு நாளும் காலையில் அம்மா போய்க் கேட்டாள். எட்டு நாளும் மெக்கானிக் கிரீஸ் கையைத் துடைத்துக்கொண்டே, “நாளைக்குத் தெரிஞ்சிரும் தங்கச்சி” என்றார். வண்டிக்காரர்கள் அவரை ஜாக்கி என்று கூப்பிட்டார்கள். எவ்வளவு கனமான வண்டியையும் அலட்டிக்கொள்ளாமல் தூக்கிவிடுவாராம். அவள் மட்டும் தனக்குள் ‘நாளைக்கு’ என்றே பெயர் வைத்திருந்தாள். “நாளைக்கு வந்துட்டாரா?” என்று கணவரிடம் கேட்பாள். அவர் ஜன்னல் வழியே எட்டிப் பார்த்து, “நாளைக்கு இன்னிக்குச் சீக்கிரமே வந்துட்டாரு” என்பார். சிட்டு விழுந்து விழுந்து சிரிப்பாள். அம்மாவுக்குச் சிரிப்பு வராது.

அவள் தையற்காரி. கணவரின் அண்ணன் நடத்தும் கடையில் பதினைந்து வருஷம் இருந்தவள். அளவெடுப்பதும் வெட்டுவதும் காஜா போடுவதும் அவள், தைப்பது கணவர், பெயர் வாங்குவது மூத்தார். இனி இப்படியே இருந்தால் காஜா போட்டே கண் போய்விடும் என்று தோன்றியபோது, கேரவன் யோசனையைச் சொன்னவளும் அவள்தான். பழைய கேரவன் ஒன்றை வாங்கி, உள்ளே இரண்டு தையல் மெஷின், துணி ஓரம் அடிக்க ஒரு ஓவர்லாக், மடக்கு மேசை, மூன்று பேர் படுக்க இடம். முன்னால் இழுக்க ஒரு பழைய ஜீப். ஊர் ஊராகப் போய்ப் பள்ளிக்கூட வளாகத்திலேயே தங்கி, அளவெடுத்து, சீருடை தைத்துக் கொடுத்துவிட்டுக் கிளம்ப வேண்டியது. வாடகை வீட்டைக் காலி செய்தார்கள். மூத்தார் வாசலில் நின்று, “வீட்டுக்குச் சக்கரம் மாட்டுறவங்களை இப்பத்தான்டா பாக்குறேன். போயிட்டு வாங்க. உன் பொண்டாட்டி முக்காலி இங்கேயே இருக்கும்” என்றார். அந்த முக்காலியை அவர் எடுத்து வைத்திருந்தது பாசத்தால் அல்ல.

முதல் வேலையும் கிடைத்தது. ஒரு நாள் பயணத் தூரத்தில் ஒரு பள்ளிக்கூடம், நானூறு பிள்ளைகள். தலைமையாசிரியை கறாரானவர். போன வருஷம் ஒரு தையற்காரர் பஸ்ஸில் வந்து அளவு மட்டும் எடுத்துக்கொண்டு போனவர் போனவர்தானாம். “பதினாறாம் தேதி காலையில மெஷினோட எங்க வளாகத்துல நிக்கணும். நின்னா வேலை உங்களுக்கு. இல்லேன்னா அடுத்த ஆள் ரெடியா இருக்காரு” என்று சொல்லியிருந்தார். பதினாறாம் தேதி போய்ச் சேர்ந்தால் கேரவன் பிழைத்தது. சேராவிட்டால் முக்காலிதான்.

நிறைய நாள் கையில் வைத்துக்கொண்டுதான் கிளம்பினார்கள். அதற்கு முந்தின மாசம் இருபதாம் தேதி, இந்த நகரத்து மேம்பாலத்தின் அடியில், மழைத்தண்ணீர் மூடியிருந்த பள்ளத்தில் இடது சக்கரம் இறங்கியது. கேரவனின் அச்சு முறுக்கிக்கொண்டு இரண்டாக ஒடிந்தது.

அன்றிலிருந்து பட்டறைதான் வீடு. இடது பக்கச் சக்கரத்தைக் கழற்றி மரக்கட்டைமேல் நிறுத்தியிருந்ததால், கேரவன் ஒரு பக்கமாகச் சாய்ந்தே நின்றது. உள்ளே எதை வைத்தாலும் இடப்பக்கம் உருண்டது. வெங்காயம் உருண்டது, நூல்கண்டு உருண்டது, தூக்கத்தில் சிட்டு உருண்டு அப்பாவின் மேல் போய்ச் சேர்ந்தாள். தம்ளரில் தண்ணீர் ஊற்றினால் தண்ணீரும் சாய்வாக நின்று அவளைப் பார்த்தது. காலை ஏழு மணிக்குப் பக்கத்துத் தகரக் கொட்டகையில் நசுங்கிய வண்டித் தகட்டைத் தட்டி டொக்கு எடுக்கத் தொடங்குவார்கள். பத்து மணிக்குக் கேரவனின் கூரை தோசைக்கல் மாதிரி காயும். மூன்று மணிக்கு, மணி பார்த்து வந்தது போல மழை. மழை விட்டதும் கொசு. வெள்ளைச் சட்டைத் துணி இருபது மீட்டர் மேல்தட்டில் இருந்தது. அதில் கிரீஸ் படாமல் காப்பதே தனி உத்தியோகமாகிவிட்டது. படிக்கட்டின் கீழே எப்போதும் ஒரு குட்டை. அதைத் தாண்டத் தெரியாதவர்கள் யாரும் அவள் வீட்டுக்குள் வர முடியாது என்பது ஒன்றுதான் அதனால் வந்த நன்மை.

ஆனாலும் வந்தார்கள். வெள்ளை வண்டியைப் பார்த்துவிட்டு ஒருவர் சட்டைக் கையை மடித்துக்கொண்டே ஏறி, “இங்கதானே ரத்தம் எடுக்குறாங்க?” என்றார்.

“இங்க எங்க ரத்தத்தைத்தான் எடுத்துக்கிட்டு இருக்காங்க. நீங்க கிளம்புங்க” என்றாள் அவள்.

அவளை எல்லாவற்றையும்விட எரிச்சல்படுத்தியது கணவரின் நிம்மதி. அந்த மனிதர் ஒரு வாரத்தில் பட்டறையில் எல்லோருக்கும் வேண்டியவராகிவிட்டார். யார் ஸ்பேனர் கேட்டாலும் எடுத்துக் கொடுத்தார். பழைய டயரில் உட்கார்ந்து முந்தின வாரப் பேப்பரைப் படித்தார். “வரும்போது வரும். நம்ம கையில என்ன இருக்கு?” என்றார்.

“உங்க கையில பேப்பர் இருக்கு. அதைக் கீழ வெச்சிட்டு அந்த ஆளை ஒரு வார்த்தை கேளுங்க.”

“கேட்டேனே. நாளைக்குன்னாரு.”

இதற்கு நடுவே தினமும் காலை எட்டு மணிக்கு மூத்தாரின் போன். கணவருடைய போனில் காதில் வைத்துப் பேசும் வசதி கெட்டுப்போய் நாளாயிற்று. ஸ்பீக்கரில் மட்டும்தான் கேட்கும். அதனால் மூத்தார் சொல்வது பட்டறை முழுவதும் கேட்கும்.

“டேய் தம்பி, வீடு ஓடுதா, உக்காந்திருக்கா?”

“உக்காந்திருக்குண்ணே.”

“நான் அன்னிக்கே சொன்னேன். பொம்பள பேச்சைக் கேட்டு நடுத்தெருவுல நிக்காதேன்னு.”

“தெருவுல இல்லண்ணே. பட்டறைக்குள்ளதான் நிக்கிறோம்.”

அடுப்படியில் நிற்பவளுக்குப் பாத்திரத்தை எடுத்து அந்தப் போன்மேல் வீசத் தோன்றும். வெளியே மெக்கானிக் சுத்தியலைக் கீழே வைத்துவிட்டு, ஏதோ ஆணி தேடுவது போலத் தலையைக் குனிந்துகொள்வார். அவர் கேட்கிறார் என்பதும், கேட்காதது போல இருக்கிறார் என்பதும் அவளுக்குத் தெரியும். அதற்காகவும் அவர்மேல் கோபம் வந்தது.

உண்மையைச் சொன்னால், வேலை தாமதமானதற்கு மெக்கானிக் காரணமில்லை. அந்தக் கேரவனுக்கு அச்சு எந்தக் கடையிலும் கிடைக்கவில்லை. புதிதாகக் கடைந்துதான் ஆக வேண்டும். அதற்கான இரும்பு வேறு ஊரிலிருந்து லாரியில் வர வேண்டும். வந்த பிறகு, தெருமுனையில் இரும்பு கடையும் லேத்துக்காரரிடம் வரிசையில் நிற்க வேண்டும். அந்த வட்டாரத்துக்கே ஒரே நல்ல லேத் அது. இத்தனையையும் மெக்கானிக் முதல் வாரத்திலேயே சொல்லியிருந்தார். ஆனால் நியாயத்தை வைத்துக்கொண்டு வெயிலில் எத்தனை நாள் உட்கார முடியும்?

ஒடிந்த அச்சு முறுக்கிக் கிடந்ததால் அதை வைத்து அளவெடுக்க முடியவில்லை. வண்டியின் அடியில் போய், இரண்டு சக்கரமும் உட்கார வேண்டிய இடத்துக்கு நடுவே அளக்க வேண்டும். மெக்கானிக்கின் வயிறு அந்தச் சந்துக்குள் போகாது. ஒல்லியான ஆள் ஒருவரை நாளைக்கு வரச் சொல்வதாகச் சொன்னார். ‘நாளைக்கு’ என்ற சொல் காதில் விழுந்ததுமே, அவள் கழுத்தில் கிடந்த இஞ்ச் டேப்போடு படுத்துக்கொண்டே அடியில் நுழைந்துவிட்டாள். உள்ளிருந்தே அளவைச் சத்தமாகச் சொன்னாள். வெளியே வந்து, காக்கிக் காகிதத்தில் எழுதிக் கொடுத்தாள். “உலகத்துல அளவெடுக்கிறதுதாங்க சுலபமான வேலை. அதுக்கும் ஒரு நாளைக்கா?” என்று கேட்டுவிட்டு, கையிலிருந்த மண்ணைத் தட்டிக்கொண்டு போனாள்.

இருபத்துமூன்றாம் நாள், பன்னிரண்டாம் தேதி காலை, அச்சு வந்தது.

இரண்டு பேர் தோளில் சுமந்து வந்தார்கள். புது இரும்பு வெயிலில் பளபளத்தது. சிட்டு அதைத் தொட்டுப் பார்த்துவிட்டு, “இதுதான் நாளைக்கா?” என்றாள். கணவர் முதல்முறையாகப் பேப்பரைக் கீழே வைத்தார். மெக்கானிக் அடியில் கொடுத்துப் பொருத்திப் பார்த்தார். வெளியே இழுத்தார். திருப்பிப் போட்டார். மறுபடி பொருத்தினார். சக்கரத்தை மாட்டிச் சுற்றிப் பார்த்தார். சக்கரம் மட்கார்டில் உரசிக்கொண்டு, கேட்பவர் பல் கூசும்படி கிறீச்சிட்டது.

“என்னாச்சு ஜாக்கி?” என்றார் கணவர்.

“ஒரு இஞ்சு நீளமா இருக்குங்க.”

அவ்வளவுதான். அடக்கி வைத்திருந்த இருபத்துமூன்று நாளும் அவள் வாயிலிருந்து கொட்டின. “ஒரு இஞ்சா? நாங்க துணியில ஒரு நூல் தப்பு விட்டாலே முகத்துல விட்டெறிவாங்க. இரும்புல ஒரு இஞ்சு தப்பா? அளவு பாக்கத் தெரியாத ஆளுக்கு எதுக்குங்க பட்டறை, எதுக்கு போர்டு? என் பிள்ளை தினமும் உங்க பேரைச் சொல்லி சாமி கும்பிடுது. அதுக்காகவாவது ஒழுங்கா செஞ்சிருக்கலாமே.”

பக்கத்துக் கொட்டகையில் டொக்கு எடுக்கும் சத்தம் நின்றுவிட்டது. நாலைந்து வண்டிக்காரர்கள் சுற்றி நின்றார்கள். மெக்கானிக் சட்டைப் பையிலிருந்து ஒரு காக்கிக் காகிதத்தை எடுத்துப் பார்த்தார். அதை நாலாக மடித்துத் திரும்பப் பையில் வைத்துக்கொண்டார்.

“என் தப்புதான் தங்கச்சி” என்றார். “நான்தான் அளவைத் தப்பாச் சொல்லிட்டேன். ரெண்டு நாள்ல சரிபண்ணித் தரேன்.”

“அதையும் நாளைக்குன்னே சொல்லிருங்க” என்று சொல்லிவிட்டு அவள் உள்ளே போய்க் கதவைச் சாத்தினாள். கதவு சாய்வினால் தானே மறுபடி திறந்துகொண்டது.

கோபம் அன்று மத்தியானம்வரை ஆறவில்லை. பிறகு அது புதிய யோசனை ஒன்றாக மாறியது. சரியான அளவைத் தானே மறுபடி எடுத்து, பெரிதாக எழுதி, அந்த ஆளின் மூக்குக்கு முன்னால் நீட்ட வேண்டும். கணவரும் மெக்கானிக்கும் அச்சைத் தூக்கிக்கொண்டு லேத்துக்குப் போயிருந்தார்கள். அவள் டேப்பையும் துணியில் கோடு போடும் சாக்கையும் எடுத்துக்கொண்டு மறுபடி அடியில் நுழைந்தாள். சிட்டு குனிந்து பார்த்துக்கொண்டிருந்தாள்.

டேப்பை இழுத்துப் பிடித்து, “எழுபத்தொண்ணு” என்றாள். வெளியே வந்து, கேரவனின் பக்கவாட்டில் நீலச் சாக்கால் கொட்டை எழுத்தில் எழுதினாள். எழுதி முடித்து, கையைத் தட்டிக்கொண்டு நிமிர்ந்து பார்த்தாள்.

72 என்று எழுதியிருந்தாள்.

வாய் சொன்னது எழுபத்தொன்று, கை எழுதியது எழுபத்திரண்டு. மூத்தார் கடையில் அது சட்டம். வாய் உடம்பின் அளவைச் சொல்ல வேண்டும், வாடிக்கையாளர் கேட்பதற்காக. கை வெட்டும் அளவை எழுத வேண்டும், வெட்டும்போது யோசிக்காமல் இருப்பதற்காக. இந்தப் பக்கம் தையலுக்கு அரை இஞ்சு, அந்தப் பக்கம் அரை இஞ்சு. பதினைந்து வருஷமாக வாய் ஒன்று சொல்லவும் கை ஒன்று எழுதவும் பழகியிருந்தாள். கை அவளைக் கேட்பதை எப்போதோ நிறுத்திவிட்டிருந்தது. அச்சுக்கும் அது தையலுக்கு இடம் விட்டிருக்கிறது.

“அம்மா, ஏம்மா அழுவுற?” என்றாள் சிட்டு.

“அழுவல. கண்ணுல சாக்குப் பொடி விழுந்திருச்சு.”

எழுதிய எண்ணைக் கைக்குட்டையால் அழித்துவிட்டு, பிள்ளையின் கையைப் பிடித்துக்கொண்டு லேத்துப் பட்டறைக்கு நடந்தாள். போகிற வழியெல்லாம் என்ன சொல்ல வேண்டும் என்று சொல்லிப் பார்த்துக்கொண்டே போனாள். ‘தப்பு என்னுது. அவரைத் திட்டாதீங்க.’ நாலு வார்த்தைதானே. மற்றவரைத் திட்டும்போது நானூறு வார்த்தை தடையில்லாமல் வந்தது.

லேத்துப் பட்டறையில் கணவரும் மெக்கானிக்கும் இல்லை; அச்சை இறக்கிவிட்டு வேறு வழியாகத் திரும்பியிருந்தார்கள். லேத்துக்காரர் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிக்கொண்டு அவளைப் பார்த்தார். அவருக்குப் பின்னால் சுவரில் ஒரு கரும்பலகை. மேலே ‘அளவு தப்பியவர்’ என்று பெயின்டில் எழுதியிருந்தது. கீழே சாக்பீஸில் ஒரே பெயர், ஈரம் காயாத மாதிரி புதிதாக இருந்தது: ஜாக்கி.

“கேரவன்காரம்மாவா? சண்டை போட வந்திருந்தா ஜாக்கிகிட்டப் போங்க. என் வேலையில மயிரிழை தப்பு கிடையாது. சீட்டுல என்ன இருந்துச்சோ அதைத்தான் கடைஞ்சேன்.”

“சண்டைக்கு வரல. இது எதுக்குங்க?” என்று பலகையைக் காட்டினாள்.

“அதுவா, அது இந்தக் கடைச் சட்டம்மா. மெக்கானிக் அளவு தப்பாக் கொடுத்தா, அந்த வேலையை உடனே எடுத்துச் சரிபண்ணிக் கொடுத்துருவேன். பாவம், அவனை நம்பி வந்த வண்டி என்ன பண்ணும்? ஆனா பேரு பலகைக்குப் போயிரும். அடுத்த ஆள் தப்புப் பண்ற வரைக்கும் பேரு அழியாது. அதுவரைக்கும் அவன் கொண்டாற வேலையெல்லாம் கடைசி வரிசைதான். இருபது வருஷத்துல ஜாக்கி பேரு ஏறுறது இதுதான் முதல் தடவை. எனக்கே கை வரல எழுத.”

“மெக்கானிக் தப்பா இல்லாம இருந்தா? வண்டிக்காரங்க தப்பா இருந்தா?”

“அப்ப அது புது வேலை. வரிசையில வரணும்.” அவர் விரல் விட்டு எண்ணினார். “இன்னிக்குக் கொடுத்தா, அடுத்த மாசம் மூணாம் தேதி. ஏன் கேக்குறீங்க?”

அவள் வாய் திறந்தே இருந்தது. சொல்ல வந்த நாலு வார்த்தையும் அங்கேயேதான் இருந்தன. சொன்னால் மெக்கானிக்கின் பெயர் இறங்கும். அச்சு மூன்றாம் தேதிக்குப் போகும். பதினாறாம் தேதி பள்ளிக்கூடத்து வாசலில் வேறு யாரோ நிற்பார்கள். மூத்தார் கடையின் முக்காலி அவள் கண்ணுக்கு முன்னால் வந்து நின்றது.

“சும்மாதான் கேட்டேன்” என்றாள்.

திரும்பி வரும்போது சிட்டு, “நீ என்னமோ சொல்லணும்னு வந்தியேம்மா” என்றாள்.

“பேசாம நட.”

மெக்கானிக் ஒரு லாரியின் அடியில் படுத்திருந்தார். கால்கள் மட்டும் வெளியே தெரிந்தன. அவள் அந்தக் கால்களிடம் பேசினாள். சில சமயம் முகத்தைவிடக் கால்களிடம் பேசுவது சுலபம்.

“அண்ணே, அந்தக் காக்கிச் சீட்டைக் கொடுங்க.”

“எந்தச் சீட்டு? அதுல கை தொடச்சுப் போட்டாச்சே.”

“அது என் கையெழுத்து. எழுபத்திரண்டுன்னு நான்தான் எழுதினேன்.”

கால்கள் கொஞ்சம் அசைந்தன. “எழுபத்தொண்ணுன்னு நீங்க உள்ளேருந்து சொன்னது என் காதுல விழுந்துச்சு தங்கச்சி. சீட்டுல எழுபத்திரண்டு இருந்துச்சு. ரெண்டையும் வெச்சு ஒரு வார்த்தை நான் கேட்டிருக்கணும். நீங்க கோவமா இருந்தீங்க, பயந்துகிட்டுக் கேக்கல. அப்ப பாதித் தப்பு என்னுதுதானே?”

“பாதிதானே. முழுசையும் ஏன் ஏத்துக்கிட்டீங்க?”

“பாதித் தப்புக்கு அந்தப் பலகையில இடம் கிடையாதே.” உள்ளே சிரிப்புச் சத்தம் கேட்டது. பிறகு குரல் தணிந்தது. “தினமும் எட்டு மணிக்கு உங்க மூத்தாரு பேசறது என் காதுலயும்தான் விழுது. பதினாறாம் தேதி போய்ச் சேருங்க. வீட்டுக்காரர்கிட்ட இப்ப ஒண்ணும் சொல்லிக்க வேணாம். அவரு மனசுல எதையும் வெச்சுக்கத் தெரியாத ஆளு, நாளைக்கே ஸ்பீக்கர்ல அண்ணன்கிட்டச் சொல்லிருவாரு.”

“உங்களை அத்தனை பேர் முன்னாடி அப்படிப் பேசிட்டேனே.”

“அதனால என்ன? என் வீட்டுல இதைவிட நல்லாவே பேசுவாங்க. அந்தப் பதிமூணாம் நம்பர் ஸ்பேனரை இப்படித் தள்ளுங்க.”

அவள் தேடி எடுத்துத் தள்ளினாள்.

அடுத்த இரண்டு நாளும் அவளுக்கு முந்தைய இருபத்துமூன்று நாளைவிட நீளமாக இருந்தன. இப்போது யார்மேல் எரிந்து விழுவது? வெயில், மழை, கொசு, சாய்வு எல்லாம் அப்படியே இருந்தன. திட்டுவதற்கு மட்டும் ஆள் இல்லை. தன்னைத் தானே திட்டிக்கொண்டு பாத்திரம் கழுவினாள்.

பலகையில் பெயர் ஏறிய செய்தி தெருவில் பரவ அரை நாள் போதுமானதாக இருந்தது. பதின்மூன்றாம் தேதி காலை ஒரு வேன் டிரைவர் வந்து, “கோச்சுக்காதே ஜாக்கி. லேத் வேலை இருக்கு. உன்கிட்ட விட்டா ஒரு மாசம் நிக்கணும்” என்று சொல்லித் தன் வண்டியைக் கயிறு கட்டி இழுத்துக்கொண்டு போனார். மத்தியானம் இன்னொரு வண்டி போனது. மறுநாள் அந்த லாரியும் போயிற்று. “அண்ணனுக்கு இப்பல்லாம் இஞ்சு தெரியுறதில்லையாம்ல” என்று டொக்கு எடுப்பவர் சுவருக்கு அப்பாலிருந்து கேட்க, “வயசாயிருச்சுப்பா, இனிமே முழம் போட்டுத்தான் அளக்கணும்” என்று மெக்கானிக்கும் சேர்ந்து சிரித்தார். பட்டறையில் கேரவன் மட்டும் மிஞ்சியது. அவ்வளவு பெரிய முற்றம் அங்கே இருந்தது அவளுக்கு அப்போதுதான் தெரிந்தது.

ஒருவர் செய்த நன்மையைத் திரும்பக் கொடுக்க வழியில்லாமல் கையில் வைத்துக்கொண்டிருப்பது, சூடான பாத்திரத்தைத் துணியில்லாமல் பிடித்திருப்பது போலத்தான். கீழே வைக்கவும் முடியாது. கடவுள் சில பேரை அப்படிக் கொஞ்ச நேரம் பிடித்துக்கொண்டு நிற்க வைக்கிறார். கை அதை மறந்துவிடக் கூடாது என்பதற்காக இருக்கலாம்.

பதினான்காம் தேதி மாலை திருத்திய அச்சு வந்தது. லேத்துக்காரர் இரண்டு முனையிலும் அரை அரை இஞ்சு உள்ளே தள்ளிக் கடைந்து, மிச்சத்தை அறுத்திருந்தார். “நல்ல வேளை, கூடுதலாப் போச்சு. குறைஞ்சிருந்தா புது இரும்புக்குத்தான் போகணும்” என்று சொல்லி அனுப்பினாராம். சரிபார்ப்பதற்காக ஒரு அளவுக் கம்பியும் கூடவே வந்தது. மெக்கானிக் பொருத்தினார், சக்கரத்தை மாட்டினார், சுழற்றினார். சத்தமே இல்லை. அடியில் தூக்கிப் பிடித்திருந்த ஜாக்கிக் கருவியை இறக்கியதும் கேரவன் மெல்ல நிமிர்ந்து, இருபத்தைந்து நாளுக்குப் பிறகு நேராக நின்றது. உள்ளே ஏதோ ஒன்று எதிர்ப்பக்கம் உருண்டு விழுந்து உடைந்தது.

“ஐயோ, நேரா நிக்குதே. எனக்குத் தலை சுத்துது” என்றார் கணவர்.

மறுநாள் விடிந்ததும் கிளம்பினார்கள். மெக்கானிக் ஜீப்பையும் கேரவனையும் இணைக்கும் கொக்கியை மூன்று தடவை உதைத்துப் பார்த்தார். சிட்டு அவரிடம், “மாமா, நீங்க நாளைக்கு எங்க ஊருக்கு வாங்க” என்றாள். “கண்டிப்பா. நாளைக்கே வரேன்” என்றார். அம்மா, “வரோம்ணே” என்றாள். அவர் தலையை ஆட்டிவிட்டு, காலியான முற்றத்தைப் பெருக்கத் துடைப்பத்தைத் தேடிப் போனார்.

தெருமுனையில், “கொஞ்சம் நிறுத்துங்க. லேத்துக்காரரோட அளவுக் கம்பியைக் கொடுத்துட்டு வந்திடறேன்” என்றாள்.

“சீக்கிரம் வா. ரோட்டை அடைச்சுக்கிட்டு நிக்கிறோம்.”

பட்டறை திறந்திருந்தது. கரண்ட் போயிருந்ததால் லேத் சும்மா கிடந்தது. லேத்துக்காரர் பின்பக்கம் ஜெனரேட்டரோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தார். கயிற்றை இழுக்கும் சத்தமும் அவர் அதைத் திட்டும் சத்தமும் மாறி மாறிக் கேட்டன. முன்னால் யாரும் இல்லை. அவள் கம்பியை மேசைமேல் வைத்தாள். அச்சு இப்போது வண்டியில் இருந்தது. இனி அதை யாரும் வரிசைக்குத் திருப்பி அனுப்ப முடியாது.

வெளியே ஹாரன் அடித்தது. இன்னும் ஒரு நிமிஷம் போனால் கணவர் இறங்கி உள்ளேயே வந்துவிடுவார், வந்தால் பலகையில் அவள் எழுதப்போவதைப் படிப்பார். படித்தால் படிக்கட்டும் என்று தோன்றியது. வழியில் அவளே சொல்லத்தான் போகிறாள், எட்டு மணி போன் வருவதற்கு முன்னால்.

முந்தானையால் ‘ஜாக்கி’ என்ற பெயரை மேலிருந்து கீழாக, ஒரு கோடு மிஞ்சாமல் துடைத்தாள். பையிலிருந்து நீலச் சாக்கை எடுத்தாள். அவசரப்படாமல், தூரத்திலிருந்து வாசிக்கும்படி பெரிதாக எழுதினாள்: ‘கேரவன் தையற்காரி. உள்ளது 71. எழுதிக் கொடுத்தது 72.’

எழுதியதை ஒருமுறை வாய்விட்டுப் படித்துப் பார்த்தாள். வாய் சொன்னதும் கை எழுதியதும் ஒன்றாகவே இருந்தன.

பின்பக்கம் ஜெனரேட்டர் இருமிக்கொண்டு உயிர் பெற்றது. விளக்கு எரிவதற்குள் அவள் படியிறங்கி ஜீப்பில் ஏறிவிட்டாள்.